தமிழில் இயங்காதென்பது யார் கட்டிய பொய்?

தமிழில் எழுதலாம், பாடலாம், மேடையேறி முழங்கலாம். கணினியை மட்டும் தமிழில் இயக்க முடியாது என்று சொல்லும் தமிழர் இன்று ஊர்தோறும் உளர். சொல்பவர் தமிழ்ப் பகைவராயின் வியப்பில்லை. வடவெழுத்து ஒன்று வரியிடையே வந்துவிட்டால் முகஞ்சுளிக்கும் தமிழன்பரே, தம் வீட்டுக் கணினிமுன் அமர்ந்தவுடன் 'பைல்', 'எடிட்', 'சேவ்' என்னும் பட்டியலுக்குத் தலைவணங்கி, "என் செய்வது, பொறி அப்படி" என்று அமைதி கொள்கின்றனரே, அதுவே வியப்பு! பொறி அப்படியன்று. பொறிக்கு மொழியே இல்லை. அதனுள் ஏற்றப்பட்ட இயங்குதளம் எவன் கையிலுள்ளதோ, அவன் விரும்பிய மொழியைப் பொறி பேசும். அவ்வளவே செய்தி.

2025ஆம் ஆண்டு அக்தோபர்த் திங்கள் 14ஆம் நாள், அமெரிக்காவின் மைக்குரோசாப்டுக் குழுமம் தன் 'விண்டோசு 10' இயங்குதளத்துக்குரிய பேணுதலை நிறுத்திற்று. சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டோர்க்கு ஓராண்டுத் தவணை கிடைத்தது. அது தவணையே அன்றித் தீர்வன்று. அடுத்த பதிப்பாகிய 'விண்டோசு 11' ஏற வேண்டுமெனின், 'டி.பி.எம். 2.0' என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். 4 கிகாபைட்டு நினைவகம் வேண்டும். 64 கிகாபைட்டுத் தட்டு வேண்டும். செயலியும் அக்குழுமம் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருத்தல் வேண்டும். இவை இல்லாத கணினி, எத்துணை நன்றாக இயங்கினும், குப்பை! பழுது பார்க்கக் கொண்டுபோனால் கடைக்காரர் சொல்வதும் அதுவே: "இது பழைய மாடல் சார், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்." மாடு கிழடாகிவிட்டது என்று உழவன் சொல்வான், மாடு விற்பவன் சொன்னால் அதை அப்படியே நம்பலாமா?

இக்கேடு யாரைத் தாக்குகின்றது? மாளிகையில் வாழ்வானை அன்று. தமிழ்நாட்டரசு 2011ஆம் ஆண்டு செப்தம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தால் சிற்றூர்ப் பிள்ளைகளின் கைக்கு வந்த சின்னஞ்சிறு மடிக்கணினிகள் எத்தனை! நெசவாளர் வீட்டிலும் களத்துமேட்டுக் குடிசையிலும் முதன்முதலாகக் காலடி வைத்த கணினி அதுவன்றோ? அக்காள் படித்து முடித்துவிட்டாள். தம்பி இப்போது எட்டாம் வகுப்பு. கணினியோ பரண்மேல். "திறக்கவே கால்மணி ஆகின்றது" என்பர் வீட்டார். பொறி கெடவில்லை, உள்ளே ஏற்றிய சுமை பெருத்துப்போயிற்று.

அந்தச் சுமையின் வரலாற்றையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. சிறுகணினிகளுக்கென மைக்குரோசாப்டு விற்ற 'விண்டோசு 7 சுடார்ட்டர்' என்னும் குறைப்பதிப்பில், திரையின் பின்னணிப் படத்தைக்கூட உரியவன் மாற்ற முடியாது. அதற்கும் முன்பு, வளரும் நாடுகளுக்கென அவர்கள் உருவாக்கிய 'எக்சு.பி. சுடார்ட்டர்' பதிப்பில் ஒரே வேளையில் மூன்று செயலிகளுக்குமேல் திறக்க இயலாது. ஏழைநாட்டான் மூன்றுக்குமேல் எண்ணமாட்டான் என்று கருதினர் போலும்! இந்தியாவுக்கென அப்பதிப்பு 2005இல் வந்தபோது எம்மொழியில் வந்தது? இந்தியில் வந்தது. தில்லியில் இருப்பவன்தான் இந்தியைத் திணிக்கின்றான் என்று எண்ணியிருந்தோர்க்கு இது ஒரு பாடம்.

சிறுகணினி முதலில் எவ்வாறு பிறந்தது என்பதும் பலர்க்குத் தெரியாது. 2007ஆம் ஆண்டு தைவான் நாட்டு ஆசுசுக் குழுமம் ஏழு விரற்கடை அகலத் திரையில் 'ஈ-பிசி' என்னும் மடிக்கணினியை வெளியிட்டபோது, அதில் இருந்தது விண்டோசு அன்று, இலினக்சு. சிறிய செயலி, சிறிய தட்டு, குறைந்த விலை. இவற்றுக்கு இலினக்சே பொருந்திற்று. அதுகண்டு அஞ்சிய மைக்குரோசாப்டு, தான் மூட்டைகட்டவிருந்த பழைய எக்சு.பி. இயங்குதளத்துக்கு 2008இல் சிறுகணினிகளுக்காக மட்டும் வாழ்நாளை நீட்டித்தது. சந்தை போய்விடும் என்றால் பழையதும் வாழும். புதியது விற்க வேண்டுமென்றால் நல்லதும் சாகும். இதுவே அவர்தம் கணக்கு.

சரி, மாற்று யாது? மாற்று விரலளவில் இருக்கின்றது. பென் டிரைவ் என்று கடைத்தெருவில் வழங்கும் விரலி ஒன்று; 4 கிகாபைட்டுக் கொள்ளளவு போதும், 8 எனின் கவலையே இல்லை. அதிலுள்ள பழைய கோப்புகள் அழிந்துபோகுமாகலின் முன்னரே வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இலினக்சுக்குப் பல வழங்கல்கள் உள. அவற்றுள் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுத் தன்னார்வலர்களால் நடத்தப்பெறும் 'தெபியன்' என்பதை எடுத்துக்கொள்வோர்க்குத் தமிழ்நோக்கில் ஒரு தனிப்பயன் உண்டு. அது சற்றுப் பின்னர் வரும்.

தெபியன் வலைத்தளத்திலிருந்து படிமக் கோப்பை இறக்கிக்கொள்க. இறக்கிய கோப்பு வழியில் சிதையவில்லை என்று உறுதி செய்துகொள்ள, அத்தளத்திலேயே ஒரு நீண்ட எண்ணெழுத்துச் சரம் தரப்பட்டிருக்கும். அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இனி, அக்கோப்பை விரலியில் வெறுமனே படியெடுத்துப் போடுதலால் பயனில்லை. முதன்முறை செய்வோர் பலரும் தடுமாறுமிடம் இதுவே. அரிசியை அடுப்பருகே வைப்பது வேறு, உலையிலிடுவது வேறு. 'உரூபசு' போன்ற எழுதுகருவி கொண்டு படிமத்தை விரலியில் எழுத வேண்டும். அவ்வாறு எழுதியபின்தான் விரலியிலிருந்து கணினி எழும்.

விரலியைச் செருகிக் கணினியை இயக்கியவுடன், கணினி தன் வன்தட்டை நோக்கி ஓடுமுன் அதனைத் தடுத்து விரலியின்பால் திருப்புதல் வேண்டும். அதற்குரிய விசை கணினிக்குக் கணினி வேறுபடும்: சிலவற்றில் எப்-12, சிலவற்றில் எப்-9, சிலவற்றில் எப்-2, சிலவற்றில் எசுகேப்பு. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுதற்கில்லை. 2012ஆம் ஆண்டு விண்டோசு 8 வந்தது முதல், கணினிகளில் 'செக்யூர் பூட்' என்னும் பூட்டு ஒன்று வைக்கப்பட்டது. முத்திரையிட்ட இயங்குதளம் மட்டுமே எழலாம் என்பது அதன் விதி. கேடு செய்யும் நிரல்களைத் தடுக்க என்றனர். அதில் உண்மையும் உண்டு. ஆயின் பெரும்பாலான கணினிகளில் அம்முத்திரை யார் கையில்? மைக்குரோசாப்டின் கையில்! வாங்கியவன் வீட்டுக் கதவுக்கு விற்றவனிடம் திறவுகோல்! இலினக்சு வழங்கல்களும் அவரிடமே முத்திரை பெற்று நுழைய வேண்டிய நிலை வந்தது. தெபியன் தன் பத்தாம் பதிப்பில், 2019இல், இத்தடையைக் கடந்தது. பழைய கணினிகள் பலவற்றில் அப்பூட்டே இல்லை. இருப்பவற்றுள்ளும் பெரும்பாலனவற்றில் தொடக்க அமைப்புக்குள் சென்று அதனை அணைத்துவிடலாம்.

கணினி விரலியிலிருந்து எழுந்ததும் ஒரு சிறு பட்டியல் தோன்றும். அதில் வரைமுகப்பு நிறுவல் என்னும் பொருள்படும் முதல் வரியையே தேர்க. வெற்றெழுத்து முகப்பைத் தேர்ந்தால் தமிழ் அங்கே இராது. கொம்பும் காலும் சேர்த்துத் தமிழெழுத்தைக் காட்டும் ஆற்றல் அவ்வெற்றுத் திரைக்கு இல்லை. வரைமுகப்பில் முதற்கண் வரும் வினா, "எம்மொழி?" என்பதே. உலக மொழிகளின் அந்நீண்ட பட்டியலில் கீழே இறங்கிச் சென்றால், அங்கே 'தமிழ்' என்று தமிழெழுத்தில் நிற்கின்றது. அழுத்தியவுடன் நிறுவும் பணி தமிழில் பேசத் தொடங்கும். நாடு யாது, நேரம் யாது, பயனர் பெயர் யாது எனத் தமிழில் வினவும். எவனுடைய இசைவையும் கெஞ்சிப் பெறாமல், ஓர் உருபாவும் கட்டாமல், ஒரு தமிழ்ப்பிள்ளையின் மடிக்கணினி முதல் வினாவையே தமிழில் கேட்கின்றதெனின், "இயங்காது" என்றோர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வர்?

ஒன்றில் மட்டும் விழிப்பு வேண்டும். தட்டினைப் பகுக்கும் கட்டத்தில் "முழுத்தட்டையும் பயன்படுத்துக" என்பதைத் தேர்ந்தால் பழையன எல்லாம் அழியும். அக்காளின் ஒளிப்படங்களும் மதிப்பெண் சான்றிதழ்ப் படிகளும் அதில் இருக்கலாம். முன்னரே வேறிடத்தில் சேர்த்துவிட்டுத் தொடுக. அழிந்தபின் இலினக்சைத் திட்டிப் பயனில்லை. அஞ்சுவோர்க்கு, தட்டைத் தொடாமலே விரலியிலிருந்து இயக்கிப் பார்க்கும் படிமமும் உண்டு. திரை, ஒலி, கம்பியில்லா இணைப்பு ஆகியன நன்கு இயங்குகின்றனவா என்று கண்டுகொண்ட பின்னரே நிறுவலாம். கடவுச்சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்வதே இப்போதைக்கு ஏற்றது. முகப்புவகையில் 'எக்சுஎப்சிஇ', 'எல்எக்சுகியூடி' என்னும் இரண்டும் மெலிந்தவை. 2 கிகாபைட்டு நினைவகமுள்ள சிறுகணினியும் அவற்றைத் தாங்கும். தமிழைத் தேர்ந்தமையால் தமிழுக்குரிய மொழிப்பொதிகள் தாமே உடன்வரும். தட்டச்சுக்கு 'ஐபசு' என்னும் உள்ளீட்டுக் கருவியோடு 'எம்17என்' பொதியைச் சேர்த்துக்கொண்டால், உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலுமாக அமைந்த 'தமிழ்99' விசைப்பலகை கிடைக்கும். 1999ஆம் ஆண்டு சென்னைத் தமிழிணைய மாநாட்டின் பயனாய் வந்து அரசால் ஏற்கப்பட்ட அப்பலகையை இன்றும் அறியாத தமிழாசிரியர் எத்தனையர்!

மிகப் பழைய, 32 பிட்டுச் செயலி மட்டுமே உடைய சிறுகணினிகளுக்கு ஒரு குறை: 2025இல் வெளிவந்த தெபியன் 13ஆம் பதிப்பு அவற்றுக்கு நிறுவற்படிமம் தருவதை விட்டுவிட்டது, 2023இன் 12ஆம் பதிப்பையே நாட வேண்டும். வேறு குறைகளும் இல்லாமலில்லை. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். சில கம்பியில்லா இணைப்புச் சில்லுகள் தனி நிரல் கேட்கும். வலை உலாவியில் பத்துப் பக்கங்களை ஒருங்கே திறந்தால் சிறுகணினி மூச்சுவாங்கும். எவ்வியங்குதளத்திலும் அது வாங்கத்தான் செய்யும். உள்ளதைச் சொல்வதே முறை.

இவ்வளவும் எவ்வாறு இயன்றது? 1983ஆம் ஆண்டு அமெரிக்கரான இரிச்சர்டு சுடால்மன் 'குனூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை வாங்கியவன் அதனை எப்பயனுக்கும் இயக்கவும், அதன் உள்ளமைப்பைக் கற்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுடையவன் என்பது அவர் கோட்பாடு. 1991இல் பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் இலினசு தோர்வால்டுசு ஒரு கருவகத்தை எழுதி வெளியிட்டார். அவர் தாய்மொழி பின்னிசு அன்று. அந்நாட்டில் சிறுபான்மையினர் பேசும் சுவீடிசு. 1992இல் அக்கருவகம் சுடால்மன் வகுத்த பொதுவுரிமத்தின்கீழ் வந்தது. உரிமத்தின் பொருள் தமிழர்க்கு யாது? தமிழ் முகப்பு வேண்டுமாயின் எவன் வாயிலிலும் நிற்க வேண்டுவதில்லை. தமிழனே எழுதிச் சேர்க்கலாம் என்பதே. விண்டோசுக்கும் தமிழ் முகப்பு உண்டு, மறுப்பாரில்லை. ஆனால் அது கொடுத்தவன் எடுத்துக்கொள்ளக்கூடிய தமிழ். அதில் ஒரு சொல் பிழையாயின் தமிழன் திருத்த முடியாது, விண்ணப்பம்தான் போடலாம்.

வாயிலில் நின்றவர் பட்ட பாட்டை ஐசுலாந்து சொல்லும். அந்நாட்டார் மொழித்தூய்மையில் தனித்தமிழர்க்கு மூத்த உடன்பிறப்பினர். 'கம்ப்யூட்டர்' என்னும் சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. எண்ணையும் குறிசொல்லும் பெண்ணையும் குறிக்கும் தம் பழஞ்சொற்கள் இரண்டை இணைத்துத் 'தோல்வா' என்று 1960களிலேயே படைத்துக்கொண்டனர். அப்பணியைச் செய்தவர் சிகுர்தூர் நோர்தால் என்னும் அறிஞர். அத்தகு நாடு, 1998இல் விண்டோசைத் தம் மொழியில் தருமாறு மைக்குரோசாப்டைக் கேட்டது. மூன்று இலக்கத்துக்கும் குறைந்த மக்கள், சந்தை சிறிது, முடியாது என்றது குழுமம். உலகச் செய்தித்தாள்களில் அது பேசப்பட்டபின் 1999இல் இசைந்தது. இசைவுக்கு ஈடாகத் தன் மென்பொருளின் கள்ளப்படிகளை ஒடுக்க அந்நாட்டரசின் துணையை வாங்கிக்கொண்டது. தனியரசுடைய மக்களுக்கே அந்நிலை!

அதே காலத்தில், தனியரசற்ற தமிழர் சிலர் செய்த பணியை எண்ணுக. தமிழகத்திலும் மலேசியாவிலும் ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்த இளைஞர் சிலர், ஒருவரையொருவர் நேரிற் காணாமலே, 'கே.டி.இ.' என்னும் இலினக்சு முகப்பைத் தமிழாக்கத் தொடங்கினர். கூலியில்லை, விருதில்லை, பொன்னாடையில்லை. அவர் வழியில் வந்தோர் 'குனோம்' முகப்பையும், 'இலிப்ரே ஆபிசு' அலுவல் தொகுப்பையும், 'பயர்பாக்சு' உலாவியையும் தமிழில் கொணர்ந்தனர். 2012 முதல் 'கணியம்' என்னும் மின்னிதழ் இத்துறையை முற்றும் தமிழிலேயே எழுதி வருகின்றது. இவர்களுள் பெரும்பாலோர் பொறியியல் படித்தோர். தமிழ் இலக்கணத்தைத் தொழிலாகக் கொண்டோர் மிகச் சிலரே.

தமிழ் கற்றோர் அப்போது என் செய்தனர்? 'கணினி'யா, 'கணிப்பொறி'யா, 'கணிப்பான்' ஆகாதா என்று இதழ்தோறும் ஏடு நிரப்பினர். ஒருங்குறியில் தமிழுக்கு இடம் போதாது என்று முழங்கினர். அக்குறை உண்மையே, ஆனால் முழங்கியோர் பலர் தம் கட்டுரையை அச்சகத்துப் பழைய எழுத்துருவில் அடித்து, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாய்த் தோன்றும்படி விட்டுவைத்தனர். தனித்தமிழ் ஏடுகளே பலகாலும் அவ்வகையில் அச்சேறின. தூய தமிழ் தாளில் வாழ்ந்தது. கணினிக்குள் அது தமிழாகவே இல்லை! பொறியியலார் ஒருவர் இரவு விழித்துத் தமிழாக்கிய வரியில் ஒற்று மிகவில்லை என்று நகைத்தவர், அவ்வொற்றை இட்டுத் தர ஒரு நாழிகை ஒதுக்கினாரா?

அரசையும் விடுதற்கில்லை. சென்னையிலுள்ள நடுவணரசின் 'சி-டாக்' நிறுவனம் தெபியனை அடியாகக் கொண்டு 'பாசு' இலினக்சை 2007இல் வெளியிட்டது. ஏறத்தாழ அக்காலத்திலேயே தமிழ்நாடு மின்னணுக் கழகமாகிய எல்காட்டு தன் கணினிகளைச் 'சூசி' இலினக்சுக்கு மாற்றிக் காட்டிற்று. அம்முயற்சி எல்லாத் துறைகளுக்கும் பரவாமற் போயிற்று. 2011 முதல் வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசோடு பாசும் உடனிருந்தது. எத்தனைப் பள்ளிகளில் அதனைத் திறந்து காட்டினர்? எத்தனை மாணவர்க்கு அதில் தமிழ் உண்டு என்று சொல்லப்பட்டது? சோற்றுப்பானையைக் கொடுத்து அகப்பையை ஒளித்துவைத்த கதை! அண்டைக் கேரளமோ தன் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்துகின்றது. 2019இல் இரண்டு இலக்கத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கெனத் தனி இலினக்சுப் பதிப்பை வெளியிட்டது. மலையாளச் சிறுவனால் இயன்றது தமிழ்ச் சிறுவனால் இயலாதோ? 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலக்கம் பேர்க்கு ஈராண்டில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தனர். கருவி வரும், அதனைத் திறந்து "இதில் தமிழைத் தேர்ந்தெடு" என்று சொல்லும் வாய் எங்கிருந்து வரும்?

"மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லையே, பாதி ஆங்கிலமாக நிற்கின்றதே" என்பர் சிலர். நிற்கின்றது, பட்டியலில் மூன்று வரி தமிழும் நான்காம் வரி ஆங்கிலமுமாகப் பல்லிளிப்பதுண்டு. சில இடங்களில் தமிழ் கரடுமுரடானது. சில இடங்களில் தமிழே அன்று, எழுத்துப்பெயர்ப்பு. ஆனால் அவ்வரிகள் பூட்டி வைக்கப்பட்டவை அல்ல. குனோமுக்கும் கே.டி.இ.க்கும் இலிப்ரே ஆபிசுக்கும் தமிழ்க் குழுக்கள் உள. வலைவழியே பெயரைப் பதிந்துகொண்டு, இடப்பக்கம் ஆங்கில வரியும் வலப்பக்கம் வெற்றிடமுமாகக் காத்திருக்கும் பக்கங்களைத் திறக்கலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டுவதில்லை. வேண்டுவன வேர்ச்சொல் அறிவும் புணர்ச்சி அறிவும், ஒரே சொல்லை எல்லா இடத்தும் ஒரே வகையாய் ஆளும் ஒழுங்கும். அவை கற்றவர் இவ்விதழைக் கையில் வைத்திருப்போர்தாமே! வரும் கோடை விடுமுறையில் பரணிலுள்ள மடிக்கணினியை இறக்கித் துடைத்து, எட்டாம் வகுப்புத் தம்பியை அருகிலமர்த்தி, விரலியைச் செருகித் தமிழைத் தேர்ந்துவிட்டு, அன்று மாலையே முதல் பத்து வரிகளைத் திருத்தி அனுப்பலாம். குழுவினர் ஏற்றுக்கொண்டால் அப்பத்து வரிகளும் அடுத்த வெளியீட்டில் யாழ்ப்பாணத்திலும் கோலாலம்பூரிலும் தொராண்டோவிலும் உள்ள தமிழர் திரையில் தோன்றும்.